பேண்டேஜ் துணியில் ஒரு காற்றுப்பை

சோழபுரம்,
18-2-1988

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

அழகுத்தாய் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். கோவில்பட்டியில் நம் மகள் சந்தனமும் மாப்பிள்ளையும் சுகம். கல்கத்தாக் குளிரில் உங்கள் நெஞ்சுச் சளி இளகியதா? வேளா வேளைக்கு வெந்நீர் குடியுங்கள்.

ஒரு விசேஷம். நம் ஏரோப்ளேன் பொட்டலுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. நேற்று ஒரு ஜீப்பும் ஒரு ஸ்கூட்டரும் வந்தன. ஜீப்பில் வந்தவர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். ஸ்கூட்டரில் வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பெயர் அழகியமணவாளன், ஜூனியர் இன்ஜினியர். பதினெட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று மெட்ராஸிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே வந்து இறங்கப் போகிறதாம். ராஜபாளையத்து மில்காரர்கள் சேர்ந்து டில்லிக்கு மனுமேல் மனுவாகப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து வீட்டுக் கருத்தம்மா அக்கா அப்போது ரன்வேயில் வத்தல் காயப்போட்டிருந்தாள். இன்ஜினியர் அதை அள்ளச் சொன்னார். அவளா அள்ளுவாள்? "ஏரோப்ளேனு வந்து முப்பது வருசம் ஆச்சு சாமி. வத்தலு வருசா வருசம் வருது. யாரு எடத்தக் காலி பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். மனிதர் நல்லவர், சிரித்துவிட்டார்.

அவர் பொட்டலின் கதையை ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் எட்டு நாள் கெடு வைத்துப் பருத்திக் காட்டையெல்லாம் பிடுங்கிக் காங்கிரீட் போட்டது; சண்டை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனது; அப்புறம் ஒரு மில் முதலாளி சொந்த விமானத்தில் வந்து இறங்கி, ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடியது; அவருக்குப் பிறகு ராஜபாளையத்தில் கார் வாங்கினவர்கள் எல்லாம் அங்கே ஓட்டிப் பழகியது. நீங்கள் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். அதை நான் சொல்லவில்லை.

விமானம் இறங்கும் இடத்தில் தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். வண்டி வந்தால் ஆளும் வர வேண்டுமே? கல்யாணமாகி மறுவருஷம் கல்கத்தா விமான நிலையத்துக்குத் தீயணைப்பு வேலைக்குப் போனீர்கள். பத்தொன்பது வருஷமாக எனக்கு வருஷத்துக்கு முப்பது நாள்தான் புருஷன். விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
அழகுத்தாய்


கல்கத்தா,
1-3-1988

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

காசிராஜன் எழுதுவது. சளி இறங்கிவிட்டது. உன் கடிதம் ஆறாம் நாள் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. இருக்கிறதா, போய்விட்டதா?

விசாரித்தேன். சேதி உண்மைதான். நம் பொட்டலுக்கு மூன்று தீயணைப்பு ஆட்களுக்கு இடம் போட்டிருக்கிறார்கள். மாற்றல் மனு அன்றைக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் நீ இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. முதலில் ஒரு சோதனை விமானம் வந்து இறங்க வேண்டும். எல்லாம் சரி என்று அந்த பைலட் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பொட்டல் மறுபடியும் கருத்தம்மாவுக்குத்தான், நான் ரிட்டயர் ஆகும் வரை கல்கத்தாவில்தான்.

இன்ஜினியரிடம் ரன்வேயின் கிழக்கு முனையைப் பார்க்கச் சொல். அங்கே காங்கிரீட்டில் ஒரு வெடிப்பு உண்டு. உன் சைக்கிள் சக்கரம் அதில் மாட்டித்தான் என்மேல் விழுந்தாய். சைக்கிளை விட்டுவிட்டு வெடிப்பை மட்டும் சொல்.

இப்படிக்கு,
காசிராஜன்


சோழபுரம்,
22-5-1988

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி தையல் மெஷின் மிதிக்கும்போது வருகிறது, எழுந்தால் போய்விடுகிறது. அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்த ஊர் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

பொட்டலில் வேலை மும்முரம். வேலி போட்டாயிற்று. தகரக் கூரையில் ஒரு ஆபீஸும் வந்துவிட்டது. கிழக்கு வெடிப்பை நான் காட்டினேன், அடைத்துவிட்டார்கள். "எப்படிம்மா ஒங்களுக்கு இது தெரியும்?" என்றார் இன்ஜினியர். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேலேயிருந்து பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் முதலில் கண்ணில் படுமாம். அதைப் பார்த்து விமானம் திரும்ப வேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். அவர் ஊர்க் கோபுரம் அல்லவா, இன்ஜினியருக்கு அதில் ஒரே பெருமை.

இன்னொரு சேதி. அவர் எனக்கு ஒரு தையல் வேலை கொடுத்திருக்கிறார். டில்லியிலிருந்து வர வேண்டிய சாமான் ஒன்று வரவில்லையாம், இங்கேயே தைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "துணி லேசா இருக்கணும்மா" என்றார். லேசான துணியைப் பற்றி என்னிடமா சொல்ல வேண்டும்? பன்னிரண்டு வருஷமாகச் சத்திரப்பட்டித் தறியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி வெட்டிச் சுருட்டித் தைத்துக் கொடுக்கிறவள் நான். அதைவிட லேசான துணி இந்த ஜில்லாவில் கிடையாது.

என்ன சாமான் என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து கண்ணால் பாருங்கள்.

இப்படிக்கு,
அழகுத்தாய்


கல்கத்தா,
5-6-1988

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ தைப்பது ஆபீஸர் ஜன்னலுக்குத் திரைதானே? இதில் என்ன ரகசியம் வேண்டியிருக்கிறது? சோதனை விமானம் எந்தத் தேதியில் என்று கேட்டு உடனே எழுது. இங்கே தினமும் தபால்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
காசிராஜன்


சோழபுரம்,
24-7-1988

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகமே. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

வியாழக்கிழமை சோதனை விமானம் வந்தது. இறங்கவில்லை. திரும்பிப் போய்விட்டது.

ஆடிக் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து புறப்பட்டு வந்து ஆளைத் தள்ளியது. கலெக்டர் ஆபீஸ் ஆட்கள், மில்காரர்கள், நாதஸ்வரம், எல்லாம் தயார். சோழபுரத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, எல்லாரும் வேலிக்கு வெளியே நின்றோம். கோபுரப் பக்கமிருந்து விமானம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. கீழே இறங்கி, சக்கரம் தரையைத் தொடப் போகும்போது காற்று ஒரு பக்கத்து இறக்கையைத் தூக்கிவிட்டது. கருத்தம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, கவுறுதே, கவுறுதே!" என்று கத்தினாள். பைலட் எப்படியோ நிமிர்த்தி மேலே ஏற்றிக்கொண்டு மதுரைக்கே போய்விட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று காட்டக் கம்பத்தில் ஒரு காற்றுப்பை கட்டுவார்களாமே, அதன் பேரில்தான் தப்பாம். அடித்த காற்றுக்கு அது விறைத்து நிற்க வேண்டுமாம். இது பாதிதான் எழும்பித் தொங்கியது. காற்று குறைவு என்று நினைத்து பைலட் இறங்கியிருக்கிறார். துணி சரியில்லை என்று சொல்கிறார்கள்.

அழகியமணவாளன் சாருக்கு மெமோ வந்திருக்கிறது. இன்னும் ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம். அதிலும் சரியாக இல்லாவிட்டால் இந்த ஊரை விட்டுவிடுவார்களாம்.

இப்படிக்கு,
அழகுத்தாய்


கல்கத்தா,
1-8-1988

அழகுத்தாய்க்கு,

நலம். உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷமாக விமானம் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான். காற்றுப்பை பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எவன் அதைத் தைத்தான்? எவனோ அரைகுறைத் தையல்காரன், கிடைத்த துணியில் தைத்துத் தள்ளியிருக்கிறான். பைலட் கெட்டிக்காரனாக இருந்ததால் உயிர்கள் தப்பின. நான் ஊரில் இருந்திருந்தால் அவன் கையில் இனி ஊசியையே எடுக்க விட்டிருக்க மாட்டேன்.

என் மாற்றலும் அவனால் தொங்குகிறது. யார் என்று விசாரித்து எழுது.

காசிராஜன்


சோழபுரம்,
23-8-1988

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

ஒரு சின்ன விவரம் தேவை. கல்கத்தாவில் கட்டியிருக்கும் காற்றுப்பை என்ன துணி? வாய் எத்தனை அகலம், வால் எத்தனை அகலம்? ஓரம் எத்தனை தையல்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அழகுத்தாய்


கல்கத்தா,
29-8-1988

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும், அதுதான் முதலில்.

நீ கேட்ட விவரம். நம் பொட்டலுக்குப் பன்னிரண்டடி நீளம் போதும். வாய் மூன்றடி, வால் ஒன்றரை அடி. வாயில் இரும்பு வளையம், அதைச் சுற்றி மூன்று தையல். மற்ற இடத்தில் மடித்து இரண்டு தையல். துணி நெருக்கி நெய்ததாக இருக்க வேண்டும். லேசு, கனம் என்பதெல்லாம் அப்புறம். காற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறதா என்பதுதான் கணக்கு. துணியை வாயோடு ஒட்டி வைத்து ஊது. மூச்சு மறுபக்கம் வந்தால் அந்தத் துணி வேண்டாம். நேற்று ஏணி வைத்து ஏறி இங்கே உள்ளதை அளந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். கீழே படமும் போட்டிருக்கிறேன்.

காற்றுப்பை தைக்கத் தெரிந்துகொண்டு யாரும் பிறப்பதில்லை. இங்கேயே முதலில் கட்டியது கிழிந்து விழுந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் போன கடிதத்தில் எழுதியதை அந்தத் தையல்காரரிடம் நீ படித்துக் காட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். காட்டியிருந்தால், கோபத்தில் எழுதிவிட்டார், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

இப்படிக்கு,
காசிராஜன்


சோழபுரம்,
11-9-1988

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

அனைவரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் இறங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. ஆவணிக் காற்றும் லேசுப்பட்டதில்லை, ஆனால் காற்றுப்பை கம்பத்தில் குறுக்குக் கட்டை மாதிரி விறைத்து நின்றது. பைலட் இறங்கி வந்து அதையே அண்ணாந்து பார்த்துவிட்டு, 'நன்று' என்று கையெழுத்துப் போட்டார். நாதஸ்வரக்காரருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை, விமானம் திரும்பிப் போன பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தையல்காரர் நான்தான். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்கும் தெரியும். இருந்தாலும் நானே சொல்ல வேண்டும் அல்லவா? முதல் தடவை திரும்பிப் போன அன்றைக்கே ஆபீஸுக்குப் போய், "தப்பு என்னோடது சார், மெமோவுல என் பேரைப் போடுங்க" என்றேன். "நானுந்தானேம்மா தொட்டுப் பாத்து நல்லாருக்குன்னேன்? போயி வேற துணி பாருங்க" என்றார். உங்கள் விவரம் வந்ததும் ராஜபாளையம் போனேன். நாலு கடையில் துணியை வாயில் வைத்து ஊதினேன். கடைசிக் கடைக்காரர், "துணியத் திங்கவா வந்தீக?" என்றார். அவரிடம்தான் கிடைத்தது, நெருக்கமான காடாத் துணி.

இப்போது சொல்லப் போவதுதான் கஷ்டம். துணி தப்பு என்று தெரியாமல்தான் தைத்தேன், சத்தியம். ஆனால் ஆடியில் விமானம் இறங்காமல் திரும்பிப் போனபோது, பயம், வெட்கம் எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு நிமிஷம். அது என்ன என்று ஒரு மாசம் யோசித்தேன். அதனால்தான் அப்போது பதில் தாமதமானது.

எனக்கு உங்கள் கையெழுத்தைத் தெரியும். எந்த எழுத்தில் உங்களுக்குக் கோபம், எதில் சிரிப்பு என்று சொல்லிவிடுவேன். முப்பது நாள் லீவில் வருகிறவரையும் தெரியும், அவருக்கு விருந்து வைத்து அனுப்பத் தெரியும். முப்பத்தொன்றாம் நாள் வீட்டில் இருக்கப் போகிற மனிதரை எனக்குத் தெரியாது. இத்தனை வயதில் அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? நீங்கள் வர வேண்டும் என்றும் ஆசை, வந்துவிடுவீர்களோ என்றும் பயம்.

இதோடு இன்னொன்று. தீயணைப்பு ஆட்கள் பட்டியல் ஆபீஸுக்கு வந்திருக்கிறது. இன்ஜினியர் சார் காட்டினார். மூன்றாவதாக உங்கள் பெயர். ஆனால் இப்போது இருக்கிற மாதிரி லீடிங் ஃபயர்மேன் என்று இல்லை, வெறும் ஃபயர்மேன் என்று இருக்கிறது. டைப் அடித்ததில் பிழையா?

இப்படிக்கு,
அழகுத்தாய்


கல்கத்தா,
16-10-1988

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

நலம். நீயும் நலம்தான் என்று கையெழுத்தே சொல்கிறது.

டைப் பிழை இல்லை. நம் ஊருக்கு லீடிங் ஃபயர்மேன் இடம் கிடையாது. ஒரு படி இறங்கி வருகிறாயா என்று மார்ச் மாதமே கேட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். சட்டைக் கையில் இருந்த பட்டையை நானே பிரித்து எடுத்துவிட்டேன். தையல்காரி வீட்டுக்காரன் அல்லவா, நூல் தெரியாமல் பிரித்திருக்கிறேன்.

நீ ஒரு நிமிஷம் நிம்மதிப்பட்டாய். நான் அந்தச் சம்மதக் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். பட்டைக்காக இல்லை. நம் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பாரக்ஸ் அறையில் பத்துப் பேரோடு படுத்துப் பழகியவன். உனக்கு நான் இடைஞ்சலாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கும் உண்டு. மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். பயத்தோடேயே வருகிறேன், நீயும் பயத்தோடேயே இரு.

ஜனவரி 2-ஆம் தேதி நம் பொட்டலில் வேலைக்குச் சேர வேண்டும். விமானத்தில் வர எனக்கு யோகமில்லை, ரயிலில்தான்.

இப்படிக்கு,
காசிராஜன்


சோழபுரம் விமானத் தளம்,
தீயணைப்பு அறை,
9-2-1989

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

இங்கே நான் நலம். ஒன்றேகால் மைல் தள்ளி நீயும் நலமாக இருப்பாய்.

வியாழக்கிழமை விமானம் வந்து போய்விட்டது. பதினொரு பேர் இறங்கினார்கள், ஒன்பது பேர் ஏறினார்கள். வண்டியைக் கழுவி நிறுத்தியாயிற்று. இனி திங்கட்கிழமை வரை பொட்டலில் ஆடுதான். கருத்தம்மா வேலிக்கு வெளியே வத்தல் காயப்போட்டுக்கொண்டு, காற்றுப்பையைப் பார்த்து, மறைப்புப் படுதாவை எந்தப் பக்கம் கட்டலாம் என்று முடிவு பண்ணுகிறாள்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வந்து முப்பத்தெட்டு நாளாகிறது. நீ கேட்டதற்கெல்லாம் நான் 'சரி', 'இருக்கட்டும்' என்ற இரண்டு வார்த்தைதான் சொல்லியிருக்கிறேன். நீயும் என்னிடம் சாப்பாட்டைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. முப்பதாம் நாள் சாயங்காலம் நீ பழக்கத்தில் பரணிலிருந்து என் பெட்டியை இறக்கிவிட்டாய். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு நீ திரும்ப ஏற்றினாய். அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல நினைத்தது இவ்வளவுதான். எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. கடிதத்தில் இருந்தவளைவிட அதிகமாகவே பிடித்திருக்கிறது. நீ மெஷினோடு சண்டை போடுவதும், ரேடியோச் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்வதும் கடிதத்தில் வரவில்லையே! நம் வீட்டில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பேசத்தான் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் உன்னிடம் பேனாவால் மட்டுமே பேசியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காசிராஜன்


வீடு,
அன்றைக்கே

அத்தானுக்கு,

சுகம் கேட்க வேண்டியதில்லை. காலையில்தான் ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள்.

கடிதம் கிடைத்தது. கருத்தம்மா அக்காவிடம் கொடுத்தா அனுப்புவீர்கள்? "என்னட்டீ, இன்னும் ஒங்களுக்குள்ள தபாலு ஓடுது?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். இந்தப் பதிலையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன், போகட்டும். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு அரிசி களைந்து போட்டேன்.

இதற்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் நீங்கள் மறுபடியும் எழுதுவீர்கள். இது கடைசி. ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். எதிரே உட்கார்ந்தால் போதும். உங்கள் கடிதத்தை நானே உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். எங்காவது தப்பாகப் படித்தால் மட்டும் வாயைத் திறந்து திருத்துங்கள்.

தப்பாகத்தான் படிப்பேன்.

அழகுத்தாய்